சூளையை யாராவது நிறுத்துவார்களா?

1

கிளவுட் கம்ப்யூட்டிங் பற்றி எளிய தமிழில் அறுநூறு சொற்கள் வேண்டும் என்று ஒரு வார இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார். "அதற்கென்ன, தெரிந்த விஷயம்தானே" என்று சொல்லிவிட்டேன். தெரியாது. என் போனில் எடுக்கும் படங்கள் போனில் இல்லாமல் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரியும். அந்த வேறெங்கோ எங்கே என்று தெரியாது. இந்தக் கதை அந்தப் பொய்யில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் ஒரு பாத்திரம் உண்மை பேசும்போது எனக்கு உறுத்தாமல் இருக்கும்.

ஆசிரியர் ஒரு நிபந்தனையும் வைத்தார். "வானம், மேகம், மழை இதெல்லாம் ஒரு வரிகூட வேணாம். போன வாரம் ரெண்டு பேர் அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க."

அதனால் இந்தக் கதையின் முதல் தொடக்கம் பாதியில் நிற்கிறது:

[விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோது]

இரண்டாவது தொடக்கத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தேன்:

[தேவைக்கேற்ப, இணையத்தின் வழியாக வழங்கப்படும் கணினி வளங்களின் தொகுப்பே]

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். வாக்கியத்துக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது தொடக்கம்: நான் ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

2

விருத்தாசலத்தில், கடைத்தெரு முடிகிற இடத்தில், ஒரு செல்போன் கடையின் மாடி. ஐந்து வாரப் பயிற்சி, மாலை ஆறிலிருந்து எட்டு. பதினொரு பேர், ஒன்பது நாற்காலிகள். தாமதமாக வருகிறவர்கள் யூ.பி.எஸ். பெட்டியின் மேல் உட்கார வேண்டும். நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். சூடாக இருக்கும்.

சொல்லிக்கொடுத்தவன் திலீபன். இருபத்தேழு வயது. சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பியவன். முதல் நாள் வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் வரைந்தான்.

"கிளவுட்டுன்னா ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. இன்னொருத்தரோட கம்ப்யூட்டர். அவ்வளவுதான்."

யார் முகத்திலும் எந்த மாற்றமும் இல்லை.

"அவங்க கம்ப்யூட்டர நாம எதுக்குத் தொடணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தொட மாட்டோம். வாடகைக்கு எடுப்போம்."

"அது எங்க இருக்குது?"

"எங்கியோ இருக்குது. அது நமக்குத் தேவையில்ல."

"எங்க இருக்குதுன்னு தெரியாத பொருள எப்படிங்க வாடகைக்கு எடுப்பாங்க?"

திலீபன் கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்தான். அதுவும் உதவவில்லை. அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். பெயர் வேல்விழி. வயது முப்பத்தெட்டு. பீங்கான் பட்டறை வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் முழங்கை வரை வெள்ளை பூத்திருந்தது.

"சார், அப்ப எங்க சூளை மாதிரிங்களா?"

"எந்தச் சூளக்கா?"

"எங்க பீங்கான் எஸ்டேட்டுல முப்பது பட்டறை இருக்குது. சூளை ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் சொந்தச் சூளை கெடையாது. பொம்மை செய்யறவங்க, பியூஸ் கட்டை செய்யறவங்க எல்லாம் பச்சைச் சரக்க எடுத்தாந்து வண்டியில அடுக்குவோம். வண்டி தண்டவாளத்து மேல ஒரு பக்கமா உள்ள போவும், வெந்து அந்தப் பக்கமா வெளிய வரும். எத்தனை வண்டியோ அத்தனைக்கு வாடகை. கொலு நேரம் வந்தா பொம்மைக்காரங்க நாலு வண்டி கேப்பாங்க. மத்த மாசம் ஒண்ணு போதும். உள்ள எப்படி எரியுது, யாரு கரி போடறா, அதெல்லாம் பட்டறைக்காரங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டாங்க."

திலீபன் மார்க்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கோகுலகிருஷ்ணன், பொறியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடுகிறவன், திரும்பிக் கேட்டான். "ஒரே வண்டியில பத்துப் பேரு சரக்கு போனா மாறிப்போவாதாக்கா?"

"அடியில குறி போட்டிருப்போம்ல. எங்க பட்டறைக்கு மூணு கோடு. அம்சவல்லி அக்காவுக்கு ஒரு சுழி. அவங்க பொம்மைய நான் எடுத்தா சூளைக்காரன் கைய ஒடிச்சிருவான்."

"அக்கவுண்ட்டு, பாஸ்வேர்டு" என்றான் திலீபன் மெதுவாக. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"நாலு வருசம் காலேஜுல இத யாரும் எனக்கு இப்படிச் சொல்லலக்கா" என்றான் கோகுல்.

"காலேஜுக்குப் பக்கத்துல சூளை இல்ல போலருக்குது."

அன்றிலிருந்து எல்லாமே சூளைதான். கூடுதல் சர்வர் என்றால் கூடுதல் வண்டி. ஒரு சர்வர் பழுதானால் சரக்கு இன்னொன்றுக்கு மாறுவது என்றால் இரண்டாவது தண்டவாளம். திலீபன் பலகையில் கட்டம் வரைவதை விட்டுவிட்டு நீளமாக ஒரு குகை வரைய ஆரம்பித்தான். மூன்றாவது நாள் எனக்கே புரிந்துவிட்டது.

3

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கு வந்தது. எழுதுகிறவருக்கு வேண்டிய உவமையை, வேண்டிய நேரத்தில், முழங்கையில் மாவு பூசிய ஒரு பெண்ணின் வாயில் வைப்பது மலிவான வேலை. அப்படிப்பட்ட பெண்கள் கதைகளில் உவமை சொல்லிவிட்டு, கதாசிரியருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்காது.

ஆகவே வேல்விழிக்கு என்ன வேலை என்று பார்க்க எஸ்டேட்டுக்குப் போனேன்.

பதினான்கு வருடமாக அவர் அடுக்குகிறவர். பச்சைச் சரக்கை வண்டியில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், இடமும் வீணாகாமல் அடுக்க வேண்டும். ஒட்டினால் வெந்த பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும், இரண்டும் குப்பை. அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் துடைக்க வேண்டும். துடைத்தால் தூசி பறக்கும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான்கு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார். எண்ணிப் பார்த்தேன். செய்தியாளர் பழக்கம்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"தூசியில இருக்காதன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செரின்னேன். வேற என்னா சொல்லறது? வூட்டுல ரெண்டு பொண்ணு படிக்குது. தூசி இல்லாத வேலைய அவரு மாத்திரையோட சேத்து எழுதிக் குடுக்கலியே."

தூசி இல்லாத வேலை ஒன்று இருந்தது. அதே மாடியில். பயிற்சி முடிவில் செய்முறைத் தேர்வில் தேறுகிறவர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்திருந்தார்கள். நாற்காலி, மின்விசிறி, கணினி கெடாமல் இருப்பதற்காகவே மூடி வைக்கப்பட்ட ஜன்னல்கள். வேல்விழி வகுப்பில் சேர்ந்தது கிளவுட்டுக்காக இல்லை, அந்த ஜன்னல்களுக்காக.

(என் கட்டுரை இதற்குள் வெளிவந்துவிட்டது. சூளை உவமை ஆசிரியருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைச் சொன்னவரை 'ஒரு பெண் தொழிலாளி' என்று எழுதியிருந்தேன். பெயர் போட்டால் ஒரு சொல் கூடும் என்பதால் இல்லை. தோன்றவில்லை. கதை எழுத உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.)

4

[இந்தப் பகுதியில் திலீபனை வில்லனாக்கிப் பார்த்தேன். அவனுக்குக் கருப்புக் கண்ணாடி கொடுத்தேன். பெண்களை ஏளனமாகப் பேச வைத்தேன். மூன்று பக்கம் எழுதியும் அவன் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு ஏளனத்துக்கும் பிறகு "சாரிக்கா" என்றான். நீக்கிவிட்டேன்.]

5

செய்முறைத் தேர்வு இதுதான். ஒவ்வொருவருக்கும் கிளவுட்டில் ஒரு கணினி. மிஷின் என்பார்கள். அதை ஓட்டுவதற்கு மொத்தம் நாற்பது மணி நேரம். ஓடுகிற நேரம் மட்டும்தான் கழியும், நிறுத்தி வைத்தால் கழியாது. அந்த நேரத்துக்குள் ஒரு இணையப் பக்கத்தை உருவாக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திலீபன் தன் போனில் பார்க்கும்போது அது திறக்க வேண்டும்.

என்ன பக்கம் என்பது அவரவர் விருப்பம். கோகுல் தன் சுயவிவரத்தைப் போட்டான். ஒருவர் பழமலைநாதர் கோயில் தேர் படத்தைப் போட்டார். வேல்விழி போட்டது வண்டிப் பட்டியல்.

எஸ்டேட்டில் எல்லோருக்கும் தினமும் ஒரே கேள்வி: என் வண்டி எப்போது வெளியே வரும்? அதற்காகச் சூளை வாசலில் வந்து நிற்பார்கள், அடுக்குகிறவர்களுக்குப் போன் போடுவார்கள், போனை எடுக்காவிட்டால் வீட்டுக்கே வருவார்கள். வேல்விழி பக்கத்தில் எழுதினார்: வண்டி எண், பட்டறை, உள்ளே போன நேரம், வெளியே வரும் நேரம். பச்சை நிறத்தில் 'வெந்தது', சிவப்பில் 'வேகுது'.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குப் பக்கம் திறந்தது. இரவு சாப்பாட்டுக்குள் எஸ்டேட் முழுக்க அந்த இணைப்பு பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை சூளை வாசலில் யாருமே நிற்கவில்லை. சூளைக்காரர் பயந்துபோய் ஏதாவது ஸ்டிரைக்கா என்று விசாரித்தாராம்.

புதன் காலை பத்தேகால் மணிக்கு அம்சவல்லி, பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர், வேல்விழியைப் போனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். போன் காதில் இருந்தது, குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஏண்டி வேலு, உன் பக்கம் தொறக்க மாட்டேங்குது!"

"சுத்துதா?"

"சுத்தல, செத்துப்போச்சு. என் வண்டி வெந்துச்சா இல்லியா?"

"பன்னெண்டு மணிக்கு வரும்."

"அதச் சொல்லறதுக்கு நீ எதுக்கு? அதான் பக்கம் வெச்சிருக்கியே, அதச் சொல்லச் சொல்லு!"

6

அப்போதே பயிற்சி மாடிக்குப் போனோம். திலீபன் திரையைப் பார்த்தான். பிறகு வேல்விழியைப் பார்த்தான். பிறகு மறுபடி திரையை.

"அக்கா, மிஷின நிறுத்தவே இல்லியா?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"திங்கக்கிழமை ஆறு மணிக்குப் போட்டது. ராத்திரி பகலு எல்லாம் ஓடியிருக்குது. நாப்பது மணி நேரமும் போச்சு. காலையில பத்து மணிக்கு அதுவா நின்னிருக்குது."

"நிறுத்தலாமா அத?"

"வேலை முடிஞ்சா நிறுத்திடணுங்க்கா. மறுபடி வேணுன்னா போட்டுக்கணும்."

எனக்குத் தெரிந்து முதல் முறையாக, வேல்விழியின் பேச்சில் 'சார்' போய் 'தம்பி' வந்தது.

"ஏந் தம்பி, சூளைய யாராச்சும் நிறுத்துவாங்களா? அணைச்சா உள்ள கல்லு விரிஞ்சிடும். மறுபடி சூடு ஏத்த பத்து நாளு ஆவும். எங்க எஸ்டேட்டுல சாவு வுழுந்தாக்கூட ரெண்டு பேரு சூளையில நிப்பாங்க. நெருப்ப நிறுத்தினவன்னு பேரு வந்தா அப்புறம் ஒரு பட்டறையிலயும் சேக்க மாட்டாங்க."

"இது சூளை இல்லக்கா."

"அஞ்சு வாரமா நீதான சொன்ன, சூளை சூளைன்னு?"

"மொதல்ல நீங்கதாங்க்கா சொன்னீங்க."

"நான் கேட்டேன். நீ ஆமான்னு சொன்ன."

வகுப்பு நாட்களில் எட்டு மணி ஆனதும் எல்லோருடைய மிஷினையும் திலீபனே நிறுத்திவிடுவான். தேர்வுக்குத்தான் முதல் முறையாக அவரவர் பொறுப்பில் விட்டிருந்தான். மற்ற ஒன்பது பேரும் நிறுத்தியிருந்தார்கள். நான் தேர்வு எழுதவில்லை. அந்த ஒன்பது பேருக்கும் கிளவுட் என்றால் என்ன என்று புரிந்தது வேல்விழியால்தான். ஆனால் அவர்களில் யாருக்கும் உண்மையான சூளை தெரியாது. குகை வடிவத்தில் ஒரு படம் மட்டுமே தெரியும். படத்தை அணைப்பதில் அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

(உவமை எதுவரை வரும், எந்த இடத்தில் இறங்கிக்கொள்ளும் என்று உவமை சொல்வதில்லை. கட்டுரையில் நானும் சொல்லவில்லை.)

7

புதன்கிழமை வரை என் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்று மதியம் வேப்பூர் போய் சென்னை பஸ் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் செய்தியாகிவிடும். எனக்குக் கதை வேண்டியிருந்தது. எனவே இனி வருவது என் பொறுப்பு.

முதல் முடிவு. கோகுல் ஒரு துண்டுத் தாளோடு வருகிறான்.

"அக்கா, என்கிட்ட முப்பத்தோரு மணி நேரம் மிச்சம் இருக்குது. இது என் ஐடி, இது பாஸ்வேர்டு. உங்க பக்கத்த இதுல போட்டுக்கங்க."

"நீயும் அந்த வேலைக்குத்தானடா நிக்கற?"

"நான் புதுச்சேரி கிதுச்சேரி போயி பாத்துக்கறேங்க்கா."

வேல்விழி தாளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைக்கிறார். "உன் குறி போட்ட பொம்மைய என் பொம்மைன்னு காட்டச் சொல்றியா? போடா. நல்ல புள்ளதான் நீ. ஆனா பாஸ்வேர்ட இப்படித் தாளுல எழுதுனா உனக்கே மார்க்கு கொறைப்பாரு."

இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பாத்திரத்துக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவு. திலீபன் தன் கணக்கிலிருந்து அவருக்கு மட்டும் பத்து மணி நேரம் கூட்டிக்கொடுக்கிறான். ஒரே ஒரு பொத்தான். அழுத்தினான் என்று எழுதினேன். அடுத்த வரியை எழுதும் முன்பே கோயில் தேர் படம் போட்டவர் எனக்கும் வேண்டும் என்று வந்து நின்றார். அவருக்கு ஐந்து மணி நேரம் மீதி இருந்தும். [அழுத்தினான்] என்பதை அடித்து [அழுத்தவில்லை] என்று மாற்றினேன். திலீபனின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை வேல்விழியை வழக்கம்போல் வேலைக்கு அனுப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல், சூளையின் வெளிவாசலில் நிறுத்தினேன். வண்டிகள் வந்தன. சரக்கு ஆறியது. அம்சவல்லி தன் சுழி போட்ட பொம்மைகளை எண்ணி, கூடைகளில் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "உன் பக்கம் எப்படி செத்துச்சு?" என்று கேட்டார். வேல்விழி, வெந்து ஆறிக் கிடங்கில் வரிசையாக நின்றிருந்த பியூஸ் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஐந்தே முக்காலுக்கு மாடிப்படி ஏறினார்.

"சார்." 'சார்' திரும்பியிருந்தது. "ஒரு சந்தேகம். வேகற வரைக்கும்தான நெருப்பு வேணும். வெந்த சரக்குக்கு எதுக்கு? அத அலமாரியில வெச்சா கெடக்குது. வேணுன்றவன் வந்து எடுத்துக்கறான். என் பக்கம் வெந்த பக்கம்தான சார்? அது சும்மா பட்டியலு. கணக்குப் போடல, ஒண்ணும் போடல. அதக் காட்டறதுக்கு ஒரு மிஷின் எதுக்கு ஓடணும்?"

தேர்வு சமயத்தில் விடை சொல்லக் கூடாது. திலீபன் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டான்.

"ரெண்டாவது வாரம் நோட்டு இருக்குதாக்கா?"

"இருக்குது."

"பாருங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

இரண்டாவது வாரம் நடந்தது சேமிப்பகம். கோப்புகளைக் கிளவுட்டில் போட்டு வைக்கும் இடம். மிஷின் வேண்டாம், மணி நேரம் கழியாது. சாதாரணமான ஒரு பக்கத்தை அதில் வைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தால் அது இருபத்து நான்கு மணி நேரமும் திறக்கும். திலீபன் இரண்டு டீ குடித்தான். வேல்விழி ஒவ்வொரு விரலாகத் தட்டினார். முதல் முறை அனுமதி கொடுக்க மறந்து, பக்கம் அவருக்கே திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தது.

ஏழு மணிக்கு அம்சவல்லியின் போன். "உசுரு வந்துருச்சுடி! ஆனா என் பேர தப்பா போட்டிருக்க."

8

சனிக்கிழமை காலை பத்து மணி. திலீபன் தன் போனில் பத்துப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறான். கோகுலின் பக்கம் திறக்கிறது. தேர் திறக்கவில்லை, அந்த மனிதர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். வேல்விழியின் பக்கம் திறக்கிறது. அன்று காலை எட்டு மணி வரைக்கும் புதுப்பிக்கப்பட்ட பட்டியல், பச்சையும் சிவப்புமாக.

மேசையில், தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்த மதிப்பீட்டுத் தாள். மூன்று கேள்விகள்.

பக்கம் திறக்கிறதா? ஆம் / இல்லை.
தேர்வரின் சொந்தக் கணக்கா? ஆம் / இல்லை.
மிஷின் ஓடுகிறதா? ஆம் / இல்லை.

மூன்றும் 'ஆம்' என்றால் தேர்ச்சி.

அந்த மூன்றாவது கேள்வியை வைத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஒரே வரியில் அடித்துவிடவும் என்னால் முடியும். அடித்துப் பார்த்தேன். கதை சட்டென்று நல்லவர்கள் மட்டுமே வாழும் ஊராகிவிட்டது. அந்த மாதிரித் தாள்களைத் தயாரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மிஷின் இல்லாமல் பக்கம் திறக்க ஒருவர் வழி கண்டுபிடிப்பார் என்று அவர்களுக்குத் தோன்றாது, அவ்வளவுதான். மறுபடியும் சேர்த்தேன்.

திலீபன் தாளையே பார்க்கிறான். கோகுல் தன் நாற்காலியில் அசையாமல் இருக்கிறான். அவனுக்கு மூன்றும் 'ஆம்'.

[திலீபன் மூன்றாவது கேள்விக்கும் 'ஆம்' என்று] இல்லை. அது பொய். பொய்யில் பிறந்த கதை என்பதற்காக இன்னொன்றுக்கு இடம் கொடுக்க முடியாது.

[திலீபன் வருத்தத்தோடு 'இல்லை' என்பதை வட்டமிட்டு] அது உண்மை. அதோடு நின்றால் திங்கட்கிழமை காலை வேல்விழி துணியை எடுத்துக்கொண்டு பச்சைச் சரக்கைத் துடைக்க உட்கார வேண்டும்.

வேல்விழிதான் பேசினார்.

"ஓடலன்னே போடுங்க சார். ஓடல. அது நெசம்."

"போட்டா போயிடுங்க்கா."

"பக்கத்துல, எதுக்கு ஓடலன்னு எழுத எடம் இருக்குதா பாருங்க."

திலீபன் தாளைத் தூக்கிப் பார்த்தான். மூன்றாவது கேள்விக்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே, ஒரு விரல் அகலம் காலியாக இருந்தது. ஒரு வரி எழுதலாம். நெருக்கினால் ஒன்றரை.

அந்த வரியை நான் ஏழு முறை எழுதினேன். இரண்டு முறை கெஞ்சலாக வந்தது. மூன்று முறை கோபமாக. மற்ற இரண்டிலும் சூளை வந்துவிட்டது. தலைமை அலுவலகத்தில் தாளைப் படிக்கப்போகிறவர் இந்த ஊருக்கு வந்ததில்லை. சூளை என்று எழுதினால், இது எதற்கு இங்கே என்று அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அவருக்கு மதியத்துக்குள் இன்னும் எத்தனையோ தாள்கள்.

நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நிதானமாகப் படித்திருப்பீர்கள். கெஞ்ச வேண்டாம், திட்ட வேண்டாம், உவமை வேண்டாம். வேல்விழி என்ன புரிந்துகொண்டார் என்பது அந்தத் தலைமை அலுவலக மனிதருக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி, நீங்கள் எழுதுங்கள்.

திலீபன் 'இல்லை'யை வட்டமிட்டுவிட்டான். பேனாவை மூடவில்லை.